முந்திரியும் பையும்

அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்த கமிஷன் கடை ஒன்று உண்டு. மல்லியும் வத்தலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். வாசலில் நின்று பேசினாலே இரண்டு தும்மல் நிச்சயம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர். கையில் பட்டன் போன். அதில் ஒரு பெயரைக்கூட அவர் பதிந்து வைத்ததில்லை. திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி யாரோடாவது பேச வேண்டுமென்றால் கண்ணை ஒரு நொடி மூடுவார், கட்டைவிரல் பத்து முறை இறங்கும், மறுமுனையில் மணி அடிக்கும்.

ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் தன் நம்பரைச் சொன்னார். "நைன் எய்ட் ஃபோர் டூ..." என்று ஓடினார். அண்ணாச்சி அதை வந்தபடியே வாங்கிக்கொள்ளவில்லை. "தொண்ணூத்தெட்டு... நாப்பத்திரெண்டு..." என்று இரண்டிரண்டாக வாய்க்குள் மாற்றிப் போட்டுக்கொண்டார். லாரிக்காரர் போய் அரை மணி நேரம் கழித்து, ஒரு டீயும் இரண்டு விலைப் பேச்சும் முடிந்த பிறகு, அதே நம்பரைத் தவறில்லாமல் அழுத்தினார்.

இதில் என்ன நடந்தது என்று பார்க்க, நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கீழே உள்ளதை ஒருமுறை மட்டும், ஒரு இலக்கத்துக்கு ஒரு நொடி என்ற வேகத்தில் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லுங்கள்.

7 2 9 4 0 5 8 3 1 6

பெரும்பாலோருக்கு முதல் நாலைந்தும் கடைசி ஒன்றிரண்டும் வரும், நடுவில் ஓட்டை விழும். 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையால் இந்த எல்லைக்கு ஒரு பிரபலமான எண் வந்து சேர்ந்தது: ஏழு, கூடக்குறைய இரண்டு. பிற்பாடு நெல்சன் கோவன் 2001-ல் எல்லாவற்றையும் திரும்ப அலசி, வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டால் ஏழும் கிடையாது, நாலுதான் என்றார். மில்லர் சொன்னதில் பலரும் தவறவிட்ட விஷயம் ஒன்று உண்டு. மனம் எண்ணுவது இலக்கங்களை இல்லை, கட்டுகளை. ஒரு கட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது மனத்துக்குப் பெரிய பொருட்டில்லை. பருத்திமாரைக் குச்சி குச்சியாக யாரும் சுமப்பதில்லையே. பத்து இலக்கம் அண்ணாச்சியின் வாயில் ஐந்து கட்டானது அந்தக் கணக்கில்தான்.

லாரிக்காரர் ஏன் இங்கிலீஷில் சொன்னார் என்பது இன்னொரு விஷயம். அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் நம் ஊரில் போன் நம்பரை மட்டும் எல்லோரும் இங்கிலீஷில்தான் சொல்கிறோம். இதை மோகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். பிறகு வேல்ஸ் நாட்டுக் குழந்தைகளைப் பற்றிப் படித்தேன். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அவர்கள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைவிடக் குறைவாகச் சொன்னார்கள். மந்தம் என்று முத்திரை குத்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். 1980-ல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களைச் சொல்லக் கூடுதல் நேரம் ஆகிறது. மனத்துக்குள் ஓடும் வாய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு நொடிதான் நாடா. அதற்குள் எத்தனை பெயரைச் சொல்லி முடிக்க முடியுமோ அத்தனைதான் நிற்கும். எண்பெயர்கள் குட்டையாக இருக்கும் சீன மொழியினர் இந்தச் சோதனையில் முன்னால் நிற்பதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

தமிழ் எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறக்குறைய எல்லாமே இரண்டு அசை, மூன்று அசை. பேச்சில் ரெண்டு, நாலு, அஞ்சு என்று நாம் கொஞ்சம் நறுக்கி வைத்திருக்கிறோம். ஒம்போது நறுக்கவே விடமாட்டேன் என்கிறது. பூஜ்யம் அதைவிட மோசம். இங்கிலீஷில் ஏழும் பூஜ்யமும் தவிர மற்றதெல்லாம் ஒரே அசை. லாரிக்காரர் நாடாவை மிச்சம் பிடிக்கிறார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி செய்தது அதைவிடச் சாமர்த்தியம். குறுகிய நாடாவில் திணிப்பதை விட்டுவிட்டு, கட்டாகக் கட்டி வேறு இடத்துக்கு அனுப்பினார்.

அப்படிக் கட்டும் பழக்கம் இந்த நாட்டில் நேற்று வந்ததில்லை. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எங்கெங்கே பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் இருக்கும் தொகை 12,498. பெரும்பாலும் கூரையும் திண்ணையும் மணலுமாக, ஒரே ஒரு வாத்தியாரோடு நடந்தவை. தமிழ்ப் பகுதியின் திண்ணைப் பள்ளியில் பையனுக்கு முதலில் வாய்க்கு ஏறியவற்றில் ஒன்று எண்வரிசை. ஆனால் நாம் நினைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் இல்லை. அது முந்திரியில் ஆரம்பித்தது.

முந்திரி என்றால் கடையில் வாங்கும் பருப்பு அல்ல, 320-ல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி. நாலு முந்திரி காணி, அதாவது 80-ல் ஒன்று. பதினாறு முந்திரி ஒரு மா, 20-ல் ஒன்று. மாவோடு காணியைச் சேர்த்தால் மாகாணி, 16-ல் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். 'மாகாணி' என்ற சொல்லே ஒரு கூட்டல் கணக்கு. அதன் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஏன் 320? ஐந்தாலும் பத்தாலும் வகுபடும் மா, காணி ஒரு பக்கம். பாதி பாதியாக இறங்கும் அரை, கால், அரைக்கால், வீசம், கால்வீசம் இன்னொரு பக்கம். இந்த இரண்டு குடும்பத்தையும் மிச்சமில்லாமல் அளக்கும் மிகச் சிறிய பொது எண் 320. 80-க்கும் 64-க்கும் மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பாருங்கள், வந்துவிடும். அந்த முந்திரியையும் 320-ஆக உடைத்து அதற்குக் கீழ்முந்திரி என்று பேர் வைத்தார்கள். ஒன்றில் 1,02,400-ல் ஒரு பங்கு. யாருக்கு இது வேண்டியிருந்தது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. நிலத்தின் பங்கை அண்ணன் தம்பிக்குள் மூன்று தலைமுறை பிரித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

இந்தப் பின்னங்களுக்கெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு உண்டு. அதுதான் எண்சுவடி. கால் காலுக்கு வீசம், அரைக்கால் அரைக்காலுக்குக் கால்வீசம் என்று போகும். 1/8-ஐ 1/8-ஆல் பெருக்கினால் 1/64. அதைப் பையன் பெருக்கிப் பார்க்கவில்லை, நாக்கு சொன்னது. முழு எண்ணும் பின்னமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான வரிகள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தனித்தனிச் சுவடிகள் வேறு. நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறும் வரிசை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து இந்தச் சுவடிகளை வருடக்கணக்கில் ஆராய்ந்த செந்தில் பாபு இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய வாதத்தின் சாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. மனப்பாடம் அங்கே படிப்பின் முடிவாக இல்லை, கணக்குப் போடுவதற்கான கருவியாக இருந்தது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்முன் வாத்தியார் ஒரு மனக்கணக்கைக் கொடுத்து அனுப்புவார். அதற்கு விடை கண்டுபிடிக்க எண்சுவடி வாயில் இருந்தாக வேண்டும். நம் காலத்துப் பிள்ளை கால்குலேட்டரைப் பையில் கொண்டுபோனதுபோல அவன் அதை நாக்கில் கொண்டுபோனான்.

சொல்லிக்கொடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். சொல்லும்போதே விரல் மணலில் எழுதியது. காது, வாய், கை மூன்றும் ஒரே வேலையில். ஒரு வரி வழுக்கினாலும் ராகம் அடுத்த வரியை இழுத்து வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று இழித்தார்கள். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் அதே ஏற்பாட்டை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790-களில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது 'மதராஸ் முறை' என்று பெயர் சூட்டிப் பின்பற்றினார்கள். அதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கிவைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பிரம்படி அங்கே பாடத்தின் பாகம். பெண்பிள்ளைகளுக்கு இடம் அநேகமாக இல்லை. இந்தக் கரிசல் காட்டில் ஆடு மேய்த்த பிள்ளைகளில், கண்மாய்க்கு அந்தப்பக்கத்துத் தெருவில் பிறந்த பிள்ளைகளில், எத்தனை பேருக்கு அந்த மணலைத் தொட வாய்த்திருக்கும்?

எண்ணைச் சத்தமாக்கிப் பிடித்தது திண்ணை. எண்ணைச் சொல்லாகவே மாற்றிப் பிடித்தவர்கள் பஞ்சாங்கக்காரர்கள். அவர்களுடைய கதை எனக்கு இதைவிட வியப்பு.

1825-ல் ஜான் வாரன் என்பவர் இந்தியக் காலக்கணக்கு பற்றி 'காலசங்கலித' என்ற பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்திருக்கிறார். அந்த வருடம் மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். கணிதர் தரையில் உட்கார்ந்தார். சோழிகளை எண்ணுக்குப் பதிலாகப் பரப்பினார், நகர்த்தினார், கூட்டினார், எடுத்தார். தாளில்லை, எழுத்தாணியில்லை, பார்த்துக்கொள்ள ஓலையும் இல்லை. வேண்டிய அட்டவணை எல்லாம் தலைக்குள். விடை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வானியல் வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவரான ஓட்டோ நொய்கபவர் அந்தக் கணக்கைச் சரிபார்த்து 1952-ல் எழுதினார். கிரகணத் தொடக்கத்தில் பிழை நாலு நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. சோழிக்கு இது மோசமில்லை.

வாரனுக்கு முன்பே, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீல் இதே கலையைக் கண்டு மலைத்திருக்கிறார். பாவம், 1761-ல் யுத்தத்தால் அதைத் தவறவிட்டவர். எட்டு வருடம் காத்திருந்து 1769-ல் மேகத்தால் தவறவிட்டார். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30-ம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் கணித்ததில் 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் அன்றைக்குச் சிறந்ததென்று பெயர் வாங்கிய டோபியாஸ் மேயரின் அட்டவணையில் 68 நொடி கூடியது. ஒரே ஒரு கிரகணத்தை வைத்து நாம்தான் முந்தி என்று மார் தட்டுவதற்கில்லை. என்றாலும் ஒருவர் மூளைக்குள் மட்டும் இருந்த அட்டவணை அச்சிட்ட அட்டவணையோடு போட்டிக்கு நின்றது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அட்டவணை எப்படி உள்ளே போயிற்று? கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இதன் சாவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் வரிசை எண். தீரசங்கராபரணத்தில் 'தீ'க்கு 9, 'ர'வுக்கு 2. பின்னாலிருந்து படித்தால் 29. கரகரப்ரியாவில் 2, 2, ஆகவே 22. மேசகல்யாணியில் 5, 6; திருப்பினால் 65. இந்த ஏற்பாட்டுக்கு கடபயாதி என்று பெயர். ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஒரு இலக்கம். உயிர் எதுவானாலும் கணக்கில்லை. அதனால் ஒரே எண்ணுக்கு நூறு சொல் செய்யலாம், அர்த்தமுள்ளதாகவும் செய்யலாம். ஒரு சங்கடம்: க-வில் நாலு, த-வில் நாலு என்று பிரித்துக் காட்டும் சம்ஸ்கிருத எழுத்து இதற்கு வேண்டும். கரகரப்ரியாவின் 'க' இரண்டாவது 'க' என்பது தமிழ் எழுத்தில் தெரியாது. நம் பஞ்சாங்கக்காரர்களின் ஓலைகளில் கிரந்தம் நுழைந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சந்திரன் ஒவ்வொரு நாளும் வானத்தில் எங்கே நிற்கும் என்பதை இப்படி 248 குட்டி வாக்கியங்களாகச் செய்து வைத்திருந்தார்கள். வரருசியின் பெயரில் வழங்குபவை. முதல் வாக்கியம் நாலே அசை. பின்னாலிருந்து படித்தால் 12 பாகை 3 கலை, அதாவது முதல் நாள் சந்திரன் நகரும் தூரம். இரண்டாவது வாக்கியம் இரண்டாம் நாள் நின்ற இடம். அப்படியே 248 நாள். ஏன் 248? சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவான இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அங்கே வர ஏறக்குறைய 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் 248-க்கு மயிரிழைதான் குறையும். 248 முடிந்ததும் முதல் வாக்கியத்துக்குத் திரும்பிவிடலாம். எல்லா வாக்கியத்தையும் இலக்கமாக விரித்தால் ஆயிரத்தைத் தாண்டும். இன்றும் தமிழ்நாட்டு வீடுகளில் ஆணியில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது இந்த வாக்கியங்களிலிருந்துதான். வாங்குபவர்களில் பாதிப் பேர் அதை உண்மை வாக்கு என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வாரன் ஒரு குறையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணிதருக்குத் தாம் செய்யும் கணக்கின் தத்துவம் தெரியாதாம். இருக்கலாம். கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் மதுரை ரோட்டில் ஆயிரம் பேர் வண்டி ஓட்டுகிறார்கள்.

இனி பைக்கு வருவோம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், 3.14159 என்று தொடங்கி முடிவில்லாமல் போவது. தசம இடங்களில் எந்த ஒழுங்கும் தட்டுப்படாது. அதனால்தான் நினைவுக்காரர்களுக்கு அது பந்தயக் களம். கணிதமேதை ராமானுஜன் பள்ளிக்கூட நாட்களில் பையையும் இரண்டின் வர்க்கமூலத்தையும் கேட்ட இடம் வரைக்கும் சொல்லித் தோழர்களைக் குஷிப்படுத்தினார் என்று அவரைத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1981 ஜூலை 5-ல் ராஜன் மகாதேவன் என்ற இளைஞர் மங்களூரில் 31,811 இலக்கம் சொல்லி கின்னஸில் ஏறினார். 2015 மார்ச் 21-ல் நம் வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் ராஜ்வீர் மீனா கண்ணைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கம் சொன்னார். ஏறக்குறைய பத்து மணி நேரம். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு இரண்டு இலக்கம், இடைவிடாமல்.

இவர்களுடைய மூளை வேறு மண்ணால் செய்ததா? ராஜன் மகாதேவன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் தாம்ப்சன் குழு அவரை வருடக்கணக்கில் சோதித்தது. கேட்ட மாத்திரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். இது பிறவியிலேயே வந்தது என்று 1993-ல் புத்தகம் எழுதினார்கள். ஆண்டர்ஸ் எரிக்சன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதே ராஜனை மறுபடி சோதித்து 2004-ல் எழுதினார்: பையை மனப்பாடம் செய்ய அவர் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கிறார், அந்த உழைப்பில் எண்ணைக் கட்டும் வித்தை கைவந்திருக்கிறது. இவற்றுக்கு முன்பே நடந்த இன்னொரு சோதனைதான் என்னை நிறுத்தியது. பொருள்களின் படங்கள் இருந்த இடம், பார்த்த திசை இவற்றை நினைவில் வைப்பதில் ராஜன் எப்படி என்று 1992-ல் பார்த்தார்கள். உங்களையும் என்னையும் போலத்தான்.

எரிக்சனுக்கு இந்தச் சந்தேகம் வரக் காரணம் ஒரு ஓட்டக்காரர். 1970-களின் கடைசியில் வில்லியம் சேஸும் அவரும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரைப் பிடித்து, வாரம் சில நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், எண்களைச் சொல்லிச் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள். ஆரம்பத்தில் ஏழு. நாலைந்து நாள் ஏழிலேயே நின்றது. பிறகு ஏற ஆரம்பித்து, சுமார் 230 மணி நேரத்துக்குப் பிறகு 79. அவர் ஓட்டப் பந்தயக்காரர். 3492 என்று காதில் விழுந்தால் மூன்று நிமிஷம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குப் பக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஓட்டமாகாத எண்ணை ஆட்களின் வயதாக்கினார். 79 வந்ததும் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னார்கள். ஆறுக்கு வந்து விழுந்தார்.

230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு அவருடைய நினைவாற்றல் ஓர் அங்குலமும் பெருகவில்லை. நம் ஊர் பாஷையில் சொன்னால் கண்மாய் ஆழமாகவில்லை. எண்களுக்கென்று ஒரு வரத்துக்கால் வெட்டப்பட்டது. அந்தக் காலில் எழுத்து வராது, முகம் வராது, சாவியை வைத்த இடம் வராது. 2010-ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரைக் கணினியில் ஆறு வாரம் மூளைப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தபோதும் இதேதான். செய்த பயிற்சியில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். பக்கத்துப் பயிற்சிக்கு அது கசியவில்லை.

ஆகையால் பரீட்சை நேரத்தில் 'ஞாபகசக்தி வகுப்பு' என்று சுவரெங்கும் ஒட்டப்படும் நோட்டீசைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஐம்பது எண்ணை வரிசையாகச் சொல்லும் பிள்ளையை மேடையில் நிறுத்திக் காட்டுவார்கள், பெற்றோர் கைதட்டிவிட்டுப் பணம் கட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு வித்தை வந்திருப்பது பொய்யில்லை. அதனால் வேதியியல் ஏறும் என்பதுதான் பொய்.

வித்தையை நானும் செய்து பார்த்தேன். திருச்சுழியில் வைத்து. அந்த ஊரைத் தேர்ந்ததற்கு ஒரு அற்பக் காரணமும் உண்டு, பேரிலேயே சுழி இருக்கிறது. பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்து உள்ளே இறக்கினார் என்பது தலபுராணம். எண் பழகப் போனவனுக்குச் சுழி என்றால் பூஜ்யம். நமது பழைய தமிழ் எண்ணெழுத்தில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து இருந்ததே தவிர, சுழிக்கு வேலையில்லாமல் இருந்தது.

முறை பழையது. தெரிந்த பாதையில் தெரிந்த இடங்களில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே நடப்பது. பையின் தசமங்களை இரண்டிரண்டாகப் பிரித்தேன்: 14, 15, 92, 65, 35, 89, 79. பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் 14. ஏப்ரல் 14, சித்திரைப் பிறப்பு, வேப்பம்பூ பச்சடிக் கிண்ணத்தோடு ஒருவர் நிற்கிறார். டீக்கடையில் 15, ஜூலை 15, விருதுநகர்க்காரர் காமராசர் பிறந்த நாள், அவரே வேட்டியை மடித்துக்கட்டி டீ குடிக்கிறார். குளத்துப் படியில் 92. எனக்கு 92-ல் எதுவும் இல்லை, ஆகவே 92 வயது ஆச்சி ஒருத்தி வெற்றிலை இடிக்கிறாள். திருமேனிநாதர் கோயில் வாசலில் 65. மொழிப்போர் வருடம், மாணவர் கூட்டம். பள்ளிக்கூடச் சுவரில் 35, பாஸ் மார்க். இதற்குப் படம்கூட வேண்டியதில்லை. 79-ஐ ரமணர் பிறந்த வீட்டு வாசலில் வைத்தேன். 1879 டிசம்பர் 30-ல் அவர் அந்த ஊரில் பிறந்தவர். சுந்தர மந்திரம் என்று அந்த வீட்டை இப்போதும் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் நினைவு சிறுவனாக இருந்தபோதே அவருக்கு இருந்ததாம். அதை அவர் பொருட்படுத்தவில்லை என்பது வேறு. சங்கீதம் தெரிந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பாதையே இல்லாமல், "14 வகுளாபரணம், 15 மாயாமாளவகௌளை, 65 மேசகல்யாணி, 35 சூலினி" என்று ராகமாலிகையாகச் சொல்லிவிட்டு, 72-க்கு மேல் போகும் எண்களில் மாட்டிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் நூறு இலக்கம் வந்தது. இன்றும் சொல்வேன். 89 மட்டும் வழுக்கும். அதை எங்கே வைத்தேன் என்று ஒவ்வொரு முறையும் அந்தத் தெருமுனையில் நின்று தேடுகிறேன். 2017-ல் ஜெர்மனியில் மார்ட்டின் டிரஸ்லர் குழு சாதாரண ஆட்களுக்கு இதே முறையை நாளுக்கு அரை மணி வீதம் 40 நாள் கற்றுக்கொடுத்தது. 72 சொல்லில் 26 மட்டும் நினைவில் வைத்தவர்கள் 62 வரை போனார்கள். பிறவிப் பிரச்சினை இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதில் எனக்கு உள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் கணக்குக்குப் பையில் 15 தசமம் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 69,985-ஐ வைத்து யாரும் எதையும் அளக்கப்போவதில்லை. அரைக்கால் அரைக்காலுக்குக் கால்வீசம் என்ற பையன் மறுநாளே அதை வைத்து நெல் அளந்தான். 248 வாக்கியம் படித்தவர் கிரகணம் சொன்னார். அந்த மனப்பாடங்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. பை பல்லாங்குழி மாதிரி. ஆடும்வரை சுகம், எழுந்தால் முத்தைப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டியதுதான். சுகம் என்பதற்காகவே ஆடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானே ஆடுகிறேனே.

தமிழில் இந்த ஆட்டத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு விஷயங்களை ஒரே சமயத்தில் கவனித்துச் சதாவதானி ஆனார். அவதானத்தில் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், கணக்குக் கொடுப்பார்கள், நடுநடுவே ஒருவர் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் கல் எறிவார். கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்று கேட்பார்கள். எழுபதாயிரம் இலக்கத்தைவிட எனக்கு இந்தக் கல்தான் கடினமாகத் தெரிகிறது. இலக்கத்தைக் கட்டாகக் கட்டலாம். எப்போது விழும் என்று தெரியாத கல்லை எதோடு கட்டுவது?

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு மறுபடி கமிஷன் கடைக்குப் போனேன். வத்தல் நெடி அப்படியே இருந்தது. எத்தனை நம்பர் தலையில் இருக்கும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"எண்ணுனதில்ல தம்பி. நூறு நூத்தம்பது இருக்கும்."

"எப்படி அண்ணாச்சி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகமெல்லாம் வைக்கிறதில்ல. அந்தாளு மூஞ்சி வந்துச்சுன்னா நம்பர் பின்னாடியே வந்துரும். மூஞ்சி வரலேன்னா கும்புட்டாலும் வராது."

நான் போனை எடுத்து, "உங்க நம்பரைச் சொல்லுங்க, போட்டுக்கிடுறேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட ஒரு நொடி கூடவே மூடியிருந்தார். பிறகு உள்ளே மூட்டை எண்ணிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலேய், எம்நம்பர் என்னல?" என்னிடம் திரும்பி, "எனக்கு எதுக்கு தம்பி அது? நானா எனக்குப் போன் போடப் போறேன்?" என்றார்.